வெட்டிப் போட்ட வசனங்கள்

க்யூன்னா என்ன? மேடையில க்யூ க்யூன்னு சொல்றோமே, யாராவது சொல்லுங்க பாப்போம்... "என் வசனம் வர்ற நேரம்"னு சொல்றீங்களா? அங்கதான் தப்பு பண்றீங்க! இருங்க, அதுக்கு எங்கிட்ட ஒரு குட்டிக் கதை இருக்கு. கதை என்ன கதை... என் கண்ணு முன்னாடி நடந்த கூத்து.

காலேஜ்ல இன்பராஜ்னு ஒருத்தன். என் வகுப்புதான். மூணு வருஷமா நாடகத்துல திரை இழுக்கிறது மட்டும்தான் அவன் வேலை. நாலாவது தடவை, கெஞ்சிக் கூத்தாடி, ஒரு கோர்ட் நாடகத்துல சாட்சி வேஷம் வாங்கிட்டான். டைரக்டர் மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? "சொதப்புனே... மறுபடியும் திரைதான்!"

நம்மாளு என்ன பண்ணான்? கத்தரிக்கோலை எடுத்தான். ஸ்கிரிப்டுல அடுத்தவங்க வசனத்தை எல்லாம் வெட்டிப் போட்டுட்டு, தன் வசனத்தை மட்டும் வரிசையா நோட்டுல ஒட்டிக்கிட்டான். அதைத் தூக்கத்துலகூட ஒப்பிப்பான்!

நாடகப் போட்டி நாள். ரெண்டாவது வரிசையில அவங்கம்மா, கடைக்கு லீவு விட்டுட்டு வந்து உக்காந்திருக்காங்க. நான் பிராம்ப்டர்... அதாவது மேடை ஓரத்துல மறைஞ்சு நின்னு, மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கிறவன். வக்கீலா நடிச்சது சுகந்தி. பதட்டத்துல அந்தப் பொண்ணு, "என்ன தொழில்?"ங்கற ஒரே ஒரு கேள்வியை விழுங்கிடுச்சு. அவ்வளவுதான்...

"வீட்டுல எத்தனை பேரு?"

"டீக்கடைங்க!"

"திருடன் எப்படி இருந்தான்?"

"பொண்டாட்டியும் ரெண்டு பொண்ணுங்களும்!"

"அவன் கையில என்ன இருந்துச்சு?"

"முறுக்கு மீசைங்க!"

சிரிக்கிறீங்க... அன்னைக்கு அரங்கமே சிரிச்சுது. அவங்கம்மா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் "அண்டா... அண்டா..."ன்னு தொண்டை கிழியக் கிசுகிசுக்கிறேன். காதுல விழுந்தாத்தானே?

சுகந்தி என்ன பண்ணுச்சு தெரியுமா? கூண்டுக்குப் பக்கத்துல போய், மெதுவா, "ஐயா... மனப்பாடம் பண்ணிட்டு வந்ததை மறந்துடுங்க. நான் கேக்குறதை மட்டும் கேளுங்க. அவன் கையில என்ன இருந்துச்சு?"

இன்பராஜ் முதல் தடவையா அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தான். அப்பதான் சொன்னான், "அண்டாங்க... வெண்கல அண்டா."

கைத்தட்டல்! சொல்லிக் கொடுத்த பொய்ச்சாட்சி மாட்டிக்கிற கட்டம்னு நெனைச்சுட்டாங்க ஜனங்க. சிறந்த நடிகர் பரிசு அவனுக்கே! மைக்கைப் பிடிச்சு அவன் சொன்னான், "சார், நான் நடிக்கல... நெசமாவே முழிச்சேன். இந்தப் பரிசு சுகந்திக்கு." அவங்கம்மா எழுந்து நின்னு தட்டினாங்க பாருங்க... எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

இப்ப சொல்லுங்க, க்யூன்னா என்ன? உங்க வசனமா? இல்ல... எதிர்ல நிக்கிறவரோட கடைசி வார்த்தை! அது வேற ஒருத்தர் வாயிலதான் இருக்கு. அதைக் கேக்காம பேசினா, வசனம் சரியாத்தான் இருக்கும், பதில்தான் தப்பாயிருக்கும். வீட்டுலயும் நாம பாதிப் பேரு இப்படித்தானே? அம்மா "சாப்டியா?"ன்னு கேட்டா, "நேரமாச்சு"ன்னு பதில் சொல்றோம்.

நாளைக்கு ஒத்திகைக்கு வரும்போது உங்க வசனம் கொஞ்சம் மறந்திருந்தாலும் பரவால்ல. அதுக்கு மேல இருக்கற வரியைப் படிச்சுட்டு வாங்க.