தாட்சாயணியின் வலது கை

எனக்குச் சித்திரம் வராது, சுந்தரி. முப்பத்தைந்து வருஷம் இதே திருப்பதியில் பெண்களுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுத்தவள் இப்படிச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரலாம். கோடு நேராக வரும், நிழல் சரியாக விழும், அளவு பிசகாது. அதற்கு மேல் ஒன்று வேண்டும். அது உன் அம்மாவிடம் இருந்தது.

தாட்சாயணி கண்ணை மூடுவதற்கு முன்னால், கிருஷ்ணக்காவைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வா என்று உன்னிடம் சொன்னாள் என்கிறாய். வேலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவளை மடியில் போட்டுக்கொண்டு போனவள் நான் என்று சொல்லியே உன்னை வளர்த்திருக்கிறாள். வடமாலபேட்டையிலிருந்து இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறாய். நன்றியை மட்டும் வாங்கிக்கொண்டு உன்னை அனுப்ப எனக்கு மனசில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நிதானமாகக் கேட்டால் உனக்கும் நியாயம் தெரியும்.

எங்கள் கல்லூரியில் அப்போதுதான் பி.ஏ.வில் சித்திரமும் கைவினையும் என்று ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்கள். ஏழு பெண்கள். மண் பிசைந்தோம், மரம் செதுக்கினோம், பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி அச்செடுத்தோம். பாகற்காய்க்கு அச்சு, வாழைப்பூவுக்கு அச்சு, ஒருநாள் காவல்காரர் கழற்றிப் போட்ட செருப்புக்குக்கூட அச்சு. எங்கள் ஆசிரியர் தோதாத்ரி சார் பக்கத்தில் இல்லாமல் உயிருள்ள உடம்பில் மட்டும் அச்செடுக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாம் வருஷ முடிவில் முதலாவதாக வருகிறவளுக்கு அங்கேயே உதவி ஆசிரியை வேலை என்று பேச்சு. ஒரே ஒரு இடம். எனக்கு அது வேண்டியிருந்தது. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் எங்கள் வீடு. பரீட்சை முடிந்த மாசமே என்னைத் தாய்மாமனுக்கு இரண்டாம் தாரமாகக் கொடுப்பதாக முடிவு செய்திருந்தார்கள். நைனாவிடம் அழுது பார்த்தேன்.

"உத்தியோகம் வந்தா பாக்கலாம். வரலன்னா மாமன்தான். ஊர்ல தலை காட்டணும்மா நானு" என்றார் நைனா.

அந்தச் சமயத்தில்தான் எல்லை பிரித்தார்கள். எங்கள் ஊர் மெட்ராஸுக்கு, உன் அம்மாவின் வடமாலபேட்டை ஆந்திராவுக்கு. கல்லூரி ஆபீஸில் கங்கையா என்று ஒரு குமாஸ்தா. தெலுங்கர், நல்ல மனுஷர், வாய்தான் சும்மா இருக்காது.

"ஏம்மா கிருஷ்ணம்மா, ஏப்ரல் ஒண்ணாந்தேதி உங்க ஊரு மெட்ராஸ் கதா? அந்த ராஷ்ட்ரத்துப் பொண்ணுக்கு இங்க உத்தியோகம்னா பெரியவங்க ஒத்துக்கமாட்டாங்க. ஃபர்ஸ்ட் வந்தா அது வேற சங்கதி. செகண்ட் வந்தா, மூட்டை கட்டிக்கோ."

நான் தோதாத்ரி சாரிடமும் கேட்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"உனக்கு ஒழுங்கு இருக்கும்மா. தாட்சாயணிக்குக் கை இருக்கே. நான் என்ன பண்றது?" என்றார்.

அவர் சொன்னது சரி. அவருக்கு எதுவும் செய்ய இடமில்லை. யோசிக்க வேண்டியவள் நான்தான்.

உன் அம்மாமேல் எனக்கு ஒரு நாளும் பொறாமை இருந்ததில்லை. அதை நீ நம்ப வேண்டும். விடுதியில் ஒரே அறை, என் எண்ணெயைத்தான் அவள் தலைக்குத் தேய்ப்பாள். அவளிடம்தான் கேட்டேன்.

"பரீட்சைக்கு மனுஷக் கை ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன் தாட்சா. உன் கையத் தர்றியா?"

"எடுத்துக்கோக்கா. கழுவித் தரணுமா, இல்ல அப்படியே துன்னுடுவியா?"

அப்படிச் சிரிப்பாள்.

மார்ச் முப்பத்தொன்று, வியாழக்கிழமை. மறுநாள் ஊர் மெட்ராஸில் சேருகிறது என்று திருத்தணிப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் மேளதாளம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். சார் காளஹஸ்திக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சிற்பக்கூடம் கட்டடத்தின் பின்பக்கம், அதற்கப்புறம் வெறும் புளியமரங்கள். நான் விடுதிச் சமையலறையிலிருந்து ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்தேன். ஒரு பிடி உப்பும் போட்டேன்.

"வெந்நீர் எதுக்குக்கா?"

"சீக்கிரம் இறுகும். உனக்குக் கை வலிக்காது பாரு."

முறையாகச் செய்தால் கையில் எண்ணெய் தடவி, மாவை மெல்லிசாகப் பூசி, பாதி பாதியாக எடுக்க வேண்டும். நான் ஒரு கள்ளிப்பெட்டி நிறையக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, மணிக்கட்டுக்கு மேலே வரை கையை உள்ளே விடச் சொன்னேன். எண்ணெய் தடவினால் ரேகை பதியாது என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். என் பேச்சை எப்போதும் கேட்பாள்.

கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம்.

"எக்கா, சுடுதுக்கா."

"அப்படித்தான் இருக்கும். இரு."

"இல்லக்கா, ரொம்பச் சுடுது. கைய எடுக்க வரல. புட்ச்சிக்கினு கீது."

"அசையாதே. அசைஞ்சா எல்லாம் பாழாயிடும்."

அவள் கத்தினாள். நான் தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் துடைத்துவிட்டேன், தண்ணீர் குடிக்கக் கொடுத்தேன். அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கும் போகவில்லை. பெட்டியை உடைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அந்த நிலையில் உடைத்தால் அச்சு பொடிப்பொடியாகப் போய்விடும். அரை மணி கழித்து அவள் மயங்கிவிட்டாள். அதற்கப்புறம் உடைத்தேன். கொட்டாப்புளியும் உளியும் வைத்து, பார்த்துப் பார்த்து, நாலே துண்டாக.

பிறகு வாசலுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன். என் குரல் கேட்டு முதலில் வந்தவர் கங்கையாதான். "அய்யோ தேவுடா" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த டாக்டர் கட்டுப் போட்டார். நாலாம் நாள் விரல்கள் கறுத்தன. அப்போதுதான் வேலூர் கார். புத்தலப்பட்டு தாண்டும்வரை அவள் என் மடியில் முனகிக்கொண்டே வந்தாள். கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நாலையும் எடுத்தார்கள். அது உனக்குத் தெரிந்ததுதான். அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டுதானே நீ நடை பழகியிருப்பாய்.

அந்த நாலு துண்டையும் நான் வீணாக்கவில்லை. உள்ளே ஒட்டியிருந்ததைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துலக்கி, துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, புதுப் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தேன். கை வந்தது. நகக்கண் வரைக்கும் வந்தது. பரீட்சைக்கு வெளியூரிலிருந்து வந்த பெரியவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இந்த விரல் மடங்கியிருக்கறதப் பாருங்க. ஏதோ கெஞ்சற மாதிரி இல்ல? இந்தச் சின்ன வயசுல இது எப்படிம்மா வந்தது உனக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதலிடம் எனக்கு வந்தது. வேலையும் வந்தது. கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போய், அப்படியே நின்றும் போயிற்று. உன் அம்மாவைத்தான் இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள், உன் அப்பாவுக்கு. அது நல்லபடியாகத்தான் அமைந்தது. இல்லையென்றால் நீ ஏது, சொல்.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். தோதாத்ரி சார் எல்லார் முன்னாலும் அழுதார். "கெட்டியாக் கொட்டினா இது இப்படிச் சுடும்னு குழந்தைகளுக்கு நான் சொல்லித் தரலையே. என் தப்பு, என் தப்பு" என்று சொல்லி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தெரியாமல் நடந்த விபத்து என்று முடித்துவிட்டார்கள். உன் அம்மா படுக்கையிலிருந்து இடது கையால் என் கையைப் பிடித்து, "நீ இல்லன்னா நான் செத்தே போயிருப்பேங்கா" என்றாள். நான் மறுக்கவில்லை. நோயாளியிடம் மறுத்துப் பேசக் கூடாது.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? சுடும் என்று எனக்குத் தெரியுமா, அதைத்தானே கேட்கிறாய்.

யாரும் சொல்லித் தரவில்லை என்பது நிஜம். ஆனால் தெரியாத காரியத்தில் அடுத்தவரை இறக்கிவிடுகிற வழக்கம் எனக்கில்லை. அதற்கு முந்தின வாரமே அதே பெட்டியில் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, நடுவில் ஒரு கோழிமுட்டையை வைத்துப் பார்த்தேன். முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வெந்நீரும் உப்புமாகப் போட்டு இன்னொரு முட்டை வைத்தேன். உடைத்துப் பார்த்தபோது வெள்ளை நன்றாகக் கட்டியிருந்தது. மஞ்சள் மட்டும் கொஞ்சம் இளகலாக இருந்தது. அதைப் பார்த்துத்தான், தாட்சாவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று தைரியமாக இருந்தேன்.