பதினைந்தாம் எண்ணின் நூறாவது ஆட்டம்

டெனிஸ்: இன்னும் தூக்கு. இன்னும் கொஞ்சம்...

ஆல்பி: இதுக்கு மேல தூக்கினா கூரையில ஓட்டை விழும் டெனிஸ்.

டெனிஸ்: விழட்டும், காத்தாவது வரும். ஆடாத! பலூன் சரம் கோணலாப் போகுது பாரு.

ஆல்பி: சாயங்காலம் மேட்ச் ஆடப்போற சென்டர் ஆட்டக்காரனை ஏணியா நிறுத்தி வெச்சிருக்க. கோச் பார்த்தா என்ன சொல்வாரு?

டெனிஸ்: "பத்து வருஷத்துல இன்னிக்குத்தான் இவன் உருப்படியா ஒரு வேலை பார்க்கறான்"னு சொல்வாரு.

ஆல்பி: உன் வாய் இருக்கே... ஸ்கோர் எழுதற மேஜையில உன்னை உட்கார வெச்சதே அதை மூடத்தான்.

டெனிஸ்: பைசா வாங்காம பத்து வருஷமா எழுதறேன். வாயையும் சேர்த்து மூடிக்கணுமா? சரி, கையைக் கீழ போடு குட்டி. முடிஞ்சுது.

ஆல்பி: முப்பத்தாறு வயசு. ஏழடி. இன்னும் குட்டியாம்.

டெனிஸ்: இந்த போர்ட் கெல்லன் ஊர்ல செம்பட்டைத் தலைக்காரனை நீலம்னு கூப்பிடறோம், வழுக்கையனைச் சுருட்டைங்கறோம். உன்னை வேற எப்படிக் கூப்பிடறது? வா, இந்தக் காகிதத்தோட அந்த முனையைப் பிடி. மெதுவா... இன்னும் பெயிண்ட் காயல.

ஆல்பி: இதைத்தான் கிழிச்சுக்கிட்டு ஓடி வரணுமா நான்?

டெனிஸ்: ஆமா. ஃபுட்பால் கிளப்ல கம்பம் இரவல் வாங்கிட்டு வந்தேன். அவங்க ஆளு யாராவது நூறு மேட்ச் ஆடினா, இதே கம்பத்துல காகிதம் கட்டித்தான் கிழிச்சுக்கிட்டு வருவான். நம்ம கூடைப்பந்துக்காரங்களுக்கு மட்டும் என்ன கேடு? தூக்கி நிறுத்து... ம், நேரா... ஆங், இப்ப பின்னாடி போய் நில்லு.

ஆல்பி: நிக்கறேன்.

டெனிஸ்: அட கடவுளே!

ஆல்பி: என்ன?

டெனிஸ்: உன் தலை மேல தெரியுதே!

ஆல்பி: தெரியத்தான் செய்யும். ஃபுட்பால் ஆளுங்க அளவுக்குக் கட்டியிருக்க. நான் இதைக் கிழிக்கவே வேணாம். இப்படியே எட்டிப் பார்த்து, "எல்லாரும் சவுக்கியமா"ன்னு கேட்டுட்டு, தாண்டி வந்துடுவேன்.

டெனிஸ்: சிரிப்பு மூட்டாத. நாலு பொம்பளைங்க மூணு நாளா முட்டி போட்டு பெயிண்ட் அடிச்சோம். ஒருத்திக்குக்கூட அளவெடுக்கத் தோணல பாரேன்! குனிஞ்சு ஓடு. முட்ட வர்ற மாடு மாதிரி வா.

ஆல்பி: என் கடைசி மேட்சுல மாடா வரணுமா?

டெனிஸ்: வந்துதான் ஆகணும். மத்தவன் நாலு வருஷத்துல நூறு ஆடிடறான், உனக்குப் பத்து வருஷம் ஆச்சு. இருபது பாயிண்ட் முன்னாடி போனாத்தான் கோச்சுக்கு உன் ஞாபகமே வரும்.

ஆல்பி: முப்பது. இருபதுக்கெல்லாம் என்னை இறக்க மாட்டாரு.

டெனிஸ்: ஆனா ஜனம் விட்டாங்களா? பத்தொம்பது, இருபதுன்னு முன்னாடி போனதும், "குட்டி வேணும்! குட்டி வேணும்!"னு காலைத் தட்டி... என் மேஜையில பேனா குதிக்கும்.

ஆல்பி: பெர்த் நகரத்து டீம்ல ரெண்டு வருஷம் இருந்தேன், மூணே மேட்ச். நியூஸிலாந்துல என் பேரையே தப்பா அச்சடிச்சாங்க. இங்கேதான் என் பேரைச் சொல்லிக் காலைத் தட்டினாங்க. அதனாலதான் மத்த நாள்ல வீடு வீடாப் போய் கூரைக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு, இந்த ஊரையே கட்டிக்கிட்டுக் கிடந்தேன்.

டெனிஸ்: அழாத, பெயிண்ட் கரையும். வாசல்ல பெரிய பலகை இருக்கு இல்ல, நூறு ஆடினவங்க பேரு எழுதற பலகை...

ஆல்பி: தெரியும். தினமும் அதைக் கடந்துதானே உள்ள வரேன்.

டெனிஸ்: மேட்ச் முடிஞ்சதும் பெயிண்டர் ஏறி உன் பேரை எழுதப்போறாரு. பத்தாவது பேரு.

ஆல்பி: ம்...

டெனிஸ்: என்ன "ம்"? குதிப்பேன்னு பார்த்தேன்.

ஆல்பி: டெனிஸ்... இந்தக் காகிதத்துல நூறுன்னு இருக்கே...

டெனிஸ்: ஏன், கோணலா இருக்கா?

ஆல்பி: தொண்ணூத்தொம்பதுன்னு மாத்த முடியுமா?

டெனிஸ்: வெயில்ல வந்தியா?

ஆல்பி: இல்ல, ஒருவேளை எண்ணினது தப்பா இருந்தா...

டெனிஸ்: எண்ணினது நான்! தொண்ணூத்தொம்பதுக்கு எவன்டா காகிதம் கிழிப்பான்? எங்க, நீ எண்ணிச் சொல்லு பார்ப்போம்.

ஆல்பி: நான் எண்ணினதே இல்ல. எண்ணினா அந்த ஒண்ணு வந்து நிக்கும்.

டெனிஸ்: எந்த ஒண்ணு?

ஆல்பி: சிரிக்க மாட்டேன்னு சொல்லு.

டெனிஸ்: சத்தியமா மாட்டேன்.

ஆல்பி: ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி. ஜனவரி மாசம், நம்ம ஊர் உச்சக் கோடை, மெல்பர்ன்காரங்க வந்திருந்தாங்க. உள்ள இருந்தவங்கள்ல மூணு பேரு அஞ்சு ஃபவுல் வாங்கி வெளிய போயிட்டாங்க. கோச் திரும்பிப் பார்த்தாரு. பெஞ்சுல உயரமா இருந்தது நான் ஒருத்தன்தான்.

டெனிஸ்: சொல்லு, சொல்லு.

ஆல்பி: உன் மேஜைக்கு வந்தேன். "பதினஞ்சு, உள்ள"ன்னேன். நீ என் பேருக்கு நேரா குறி போட்ட. பஸ்ஸர் அடிச்ச. ரெஃபரி கையைக் காட்டினாரு.

டெனிஸ்: அப்புறம் உன் கணுக்கால் மடங்கிடுச்சு. ஊருக்கே தெரியுமே.

ஆல்பி: மடங்கல.

டெனிஸ்: என்ன சொல்ற?

ஆல்பி: காலு நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி பதினோரு மேட்ச் வரிசையா என்னைக் கூப்பிடவே இல்ல டெனிஸ். அன்னிக்கு வெயில் நாப்பத்திரெண்டு டிகிரி. எப்படியும் கூப்பிடப்போறதில்ல, எதுக்கு ரெண்டு துணின்னு... வெறும் ட்ராக் பேண்ட்டோட வந்துட்டேன்.

டெனிஸ்: பக்கத்துல பட்டன் வெச்சது. ஒரே இழுப்புல கழண்டு வருமே, அதுவா?

ஆல்பி: அதேதான். நின்னு, பெரிய வீரனாட்டம் இழுத்தேன். ரெண்டு பட்டன் திறந்துச்சு... ஜில்லுன்னு காத்து பட்டுச்சு.

டெனிஸ்: ஹ்... ம்... ம்...

ஆல்பி: சிரிக்க மாட்டேன்ன!

டெனிஸ்: இருமல்டா... மேல சொல்லு.

ஆல்பி: அப்படியே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, "ஐயோ கணுக்கால்"னு கத்திக்கிட்டே உட்கார்ந்துட்டேன். எனக்குப் பதிலா ரஸ்டி போனான். ஆறடிகூட இல்ல அவன். கடைசிப் பந்தைப் போட்டு ஜெயிக்க வெச்சதே அவன்தான்.

டெனிஸ்: ரெண்டு வாரம் நொண்டினியே!

ஆல்பி: நொண்டினேன். எந்தக் காலுன்னு மறந்துபோய் ஒரு நாள் வலது, ஒரு நாள் இடது. பிஸியோ ரெண்டு காலுக்கும் கட்டுப்போட்டு விட்டாரு, பாவம்.

டெனிஸ்: ஐயோ, வயிறு வலிக்குது... போதும், நிறுத்து...

ஆல்பி: சிரிக்கிற விஷயமில்ல டெனிஸ். அன்னிக்கு நான் கோட்டுக்குள்ள ஒரு அடி வைக்கல. ஆனா உன் தாள்ல நான் ஆடினதாக் குறி இருக்கு. அப்போ இன்னிக்கு எனக்குத் தொண்ணூத்தொம்பதுதான். அடுத்த வருஷம் கிளப்புல நான் இல்ல, இன்னொரு மேட்சுக்கும் வழியில்ல.

டெனிஸ்: இத்தனை வருஷம் சொல்லாதவன் இன்னிக்கு ஏன் சொல்ற?

ஆல்பி: பலகையில என் பேரு வரணும்னு பச்சைப்புள்ள மாதிரி ஆசையா இருக்கு. ராஸ்கல் மாதிரி வாயை மூடிக்கிட்டு இருந்துடலாம்னுகூட நினைச்சேன். முடியல. ஆட்டத்தை விட்டாலும் இந்த ஊர்லதானே இருக்கப்போறேன், அந்தப் பேரைப் பார்த்துக்கிட்டே இருக்கணுமே நான்... நீயே தலைவர்கிட்ட சொல்லிடு. பெயிண்டரை வர வேணாம்னு சொல்லிடு.

டெனிஸ்: சொல்ல முடியாது.

ஆல்பி: டெனிஸ், விளையாடாத...

டெனிஸ்: அந்தக் குறியை நான் அன்னிக்கே கோடு போட்டு அடிச்சிட்டேன்.

ஆல்பி: என்னது?

டெனிஸ்: நீ பெஞ்சுல உட்கார்ந்த அடுத்த நிமிஷமே அடிச்சிட்டேன். அந்த மேட்ச் கணக்குலயே இல்ல. மூணு தடவை கூட்டிப் பார்த்தாச்சு. இன்னிக்கு உனக்குச் சுத்தமான நூறு.

ஆல்பி: நிஜமாவா? ஏய், நிஜமாத்தானா?

டெனிஸ்: குதிக்காத! பலூன்... போச்சு, மூணு வெடிச்சாச்சு! என்னை இறக்கி விடுடா, பூமியே தெரியல!

ஆல்பி: நூறு! டெனிஸ், நூறு! ஒன்பது வருஷமா நெஞ்சுல கல்லு மாதிரி கிடந்துச்சு... நல்லவேளை, நிஜமாவே கணுக்கால்னு நம்பி அடிச்சிருக்க.

டெனிஸ்: நம்பவெல்லாம் இல்ல. நீ ஏழடி, நான் மேஜையில உட்கார்ந்திருக்கேன்... என் கண்ணு எந்த உயரத்துல இருந்திருக்கும்னு நீயே யோசிச்சுப் பாரு. குறியை அடிச்சா காரணம் எழுதணும்னு ரெஃபரி பக்கத்துலயே வந்து நின்னாரு, எழுதிட்டேன்: "பதினைந்தாம் எண், உள்ளே ஷார்ட்ஸ் இல்லாததால் ஆடவில்லை." அந்தத் தாளைப் படிக்காத ஆளு கிளப்ல கிடையாது. பிஸியோகூட படிச்சிட்டுத்தான் கட்டுப்போட்டாரு. நீ அவ்வளவு உருகி நொண்டின குட்டி... கெடுக்க ஒருத்தருக்கும் மனசு வரல.