பழைய வாசம் விலகும் வரை

தேனீப் பண்ணையின் தலைவராய் இருந்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் ஐயா அவர்களுக்கு, பண்ணைப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்.

பதறாத கையரே! கொட்டு வாங்கியும் கோபம் கொள்ளாதவரே! கூட்டுக்கு ஒரு ராணி என்று இயற்கை வகுத்திருக்க, சட்டைப் பைக்குள் பல ராணிகளைச் சுமந்து திரிந்தவரே!

தேனினும் இனியவர் என்று தொடங்கச் சொன்னார்கள். தாங்கள் அப்படி ஒன்றும் இனியவர் அல்லர். தேன் சட்டத்தைத் தடாலென்று வைத்துவிட்டுத் தங்கள் பார்வையில் பொசுங்காதவர் இங்கே எவரும் இல்லை. தங்களுக்கு 'ராணி ஐயா' என்று பெயர் வைத்ததும் நாங்கள்தான்; அது தங்கள் காதுக்கு எட்டாது என்று நினைத்ததும் நாங்கள்தான். பையில் குட்டிக் கூண்டுக்குள் ராணி இருக்க, மார்பெல்லாம் வேலைக்காரத் தேனீக்கள் மொய்க்க, அந்தக் கோலத்திலேயே தேநீர் குடிக்க வருகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? தாங்கள் வந்தபோது கொட்டகை ஓரமாய் நாலைந்து பெட்டிகள். இன்று வேலி வரைக்கும் வரிசை.

எங்கள் பெட்டித் தச்சர் எதையும் எளிதில் நம்புகிறவர் அல்லர். ராணியின் உடம்பில் ஒரு வாசம் சுரக்கிறது, அதை நக்கி எடுத்த தேனீக்கள் வாய்க்கு வாயாய், மீசைக்கு மீசையாய்க் கூடு முழுக்கக் கொண்டுபோகின்றன, அது இருக்கும்வரை மற்றவை முட்டையிட முனைவதில்லை என்று தாங்கள் விளக்கினீர்கள். இது முதலாளி புத்தி, மருந்து வைத்து மயக்கி வேலை வாங்கும் தந்திரம் என்று தச்சர் முகத்துக்கு நேரே சொன்னார். தாங்கள் வாதாடவில்லை. ஒரு பெட்டியிலிருந்து ராணியை எடுத்து வைத்துவிட்டு, அவரை அதன் பக்கத்திலேயே உட்காரச் செய்தீர்கள். நேரம் போகப் போக இரைச்சலின் சுருதி மாறியது. பெட்டி வாசலில் தேனீக்கள் எதையோ தொலைத்தவைபோல் மேலும் கீழும் ஓடின.

"அடக்கி வைக்கிறவளா இருந்தா, அவ போனதும் இதுங்க கொண்டாடணும்ல?" என்றீர்கள். "'நான் இருக்கேன்'னு ஒரு சேதி, தச்சரே. அது நின்னுபோனா தேடுதுங்க."

சில நாளாய் அந்த இரைச்சல்தான் மறுபடி காதில் கேட்கிறது என்கிறார் தச்சர்.

தங்கள் இடத்துக்குப் புதிய அம்மா வந்து ஒரு மாதம் ஆகிறது. கெட்டிக்காரர், குரல்தான் சன்னம். வெயிலில் காயும் பெட்டிகளை மர நிழலுக்கு மாற்றச் சொன்னார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு நேரே தங்கள் அறைக்கு ஓடி வந்து, மாற்றலாமா என்று கேட்டோம். அவர் எங்கள் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. தாங்கள் கவனித்தீர்கள்.

அதனால்தான், ஓய்வுக்குப் பிறகும் வாரம் ஒருநாள் வந்து போங்கள் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கெஞ்சியபோது மறுத்தீர்கள். தச்சருக்குப் பொறுக்கவில்லை.

"வந்து போனா என்ன கெட்டுப்போகுது? நாங்க என்ன தேனீயா?"

"தேனீயா இருந்தா சீக்கிரம் பழகிடுவீங்களே" என்றீர்கள். பிறகு சிரிப்பு இல்லை. "பழைய வாசம் இருக்கிற வரைக்கும் புது ராணியைக் கூட்டுல சேர்க்காதுங்க. சுத்தி வளைச்சுக் கொன்னுடும். அந்தப் பொண்ணு பாவம்யா. நான் வரமாட்டேன்."

அடிக்கடி வாருங்கள் என்று வழியனுப்பும் மடலில் ஒரு வரி எழுதுவது வழக்கம். எழுதக் கை துடிக்கிறது. வரமாட்டேன் என்று தாங்கள் சொல்லிவிட்டதால் நாங்கள் எழுதவில்லை. மெழுகு உருக்கும் அறையில் ஆணியில் தொங்கும் தங்கள் முகவலையையும் கையோடு கொண்டுபோய்விடுங்கள். அது அங்கே ஆடிக்கொண்டிருந்தால் எங்களுக்கு வேலை ஓடாது. பெட்டிகளை நாளைக் காலையில் நிழலுக்கு மாற்றுகிறோம். யாரிடமும் கேட்கப் போவதில்லை.

நோய் அண்டாமல், நடை தளராமல், நாவின் கூர்மையும் மழுங்காமல் நெடுங்காலம் வாழுங்கள், ஐயா! நாங்கள் பழகிய பிறகு ஒருநாள் தங்களுக்கு அழைப்பு வரும். அது எங்களிடமிருந்து வந்தால் நம்பாதீர்கள். ஆசை பொறுக்காமல், பழகிவிட்டோம் என்று பொய் சொல்லி அடுத்த வாரமே கூப்பிட்டுவிடுவோம். புதிய அம்மா கூப்பிட்டால் மட்டும் வாருங்கள்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
பெட்டித் தச்சரும் பண்ணைப் பணியாளர்கள் அனைவரும்