வாய்வு என்று எழுதிய சீட்டு

பாடம் நடத்தும்போது நான் யாரையும் சத்தம் போட்டது கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி டாக்டர்களுக்கு மாரடைப்பைக் கண்டுபிடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. புத்தகத்தில் உள்ளதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். பெரிய டாக்டர் தப்பாகச் சொன்னால் மறுத்துப் பேசத்தான் வாய் வராது. என் அப்பா அதனால்தான் செத்தார். கரும்பு வெட்டுகிற ஆள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவருக்கு வாய்வு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டருக்கு அது மாரடைப்பு என்று தெரிந்திருக்கிறது. பல வருஷம் கழித்து அவரே என்னிடம் சொன்னார்.

அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். நெஞ்சுவலி என்று யாராவது வந்தால், நானே சீட்டில் வாய்வு என்று எழுதுவேன். ஈ.சி.ஜி.யைப் பயிற்சி டாக்டர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன். "இல்ல சார், இது ஹார்ட்" என்று அவர் சொன்ன பிறகுதான் மருந்து. ஆறு பேர் சொன்னார்கள். ஆறாவது ஆளுக்குப் பதினெட்டு நிமிடம் பிடித்தது. நோயாளி பிழைத்துக்கொண்டார்.

எண்பத்தேழு செப்டம்பரில் தனி இடஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. கரும்பு லோடு ஏற்றுகிற மாயவனை அவர் சம்சாரம் செவ்வந்தி வயல்வழியாக மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்.

"நெஞ்சு மேல யாரோ குந்திக்கினு இருக்காப்ல இருக்குதுங்க சார்," என்றார் மாயவன். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. "வாய்வாத்தான் இருக்கும். ஒரு சோடா குடுத்தீங்கன்னா நானே வண்டிய ஓட்டிக்கினு போயிடுவேன்."

"ஆமா, மாட்ட அவுத்துட்டு உன்னையே பூட்டறேன். சும்மா கெடய்யா," என்றார் செவ்வந்தி.

அன்று வேலையில் இருந்த பயிற்சி டாக்டர் இளஞ்செழியன். அவன் வீட்டிலும் கரும்பு வெட்டுகிறவர்கள்தான். கம்பவுண்டர் அவன் காதுபடவே, "சலுகையில வந்த டாக்டரு, இன்னா கண்டுபுடிக்கிறாருன்னு பாப்போம்" என்றார். நானும் இடஒதுக்கீட்டுச் சலுகையில் மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கியவன்தான். இனி அவனை ஒருத்தரும் அப்படிப் பேசக்கூடாது, அவன் வாயாலேயே சொல்லட்டும் என்று நினைத்தேன்.

ஈ.சி.ஜி.யில் கோடு நன்றாக மேலே தூக்கி நின்றது, மாரடைப்பேதான். அதை அவன் கையில் கொடுத்தேன்.

"வாய்வுதானே?" என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க சார்."

ஆஸ்பிரின் என் சட்டைப் பையில் இருந்தது. வலிக்கான ஊசி தட்டில் தயாராக இருந்தது. இருபது நிமிடம் கழித்து இன்னொரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னேன். கோடு இன்னும் ஏறியிருந்தது. மாயவன் முனகினார். செவ்வந்தி என் காலைப் பிடித்தார். நான் இளஞ்செழியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

நாற்பத்தோராவது நிமிடம் மாயவனுடைய மூச்சு நின்றது. அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் நெஞ்சை அழுத்தினோம்.

நான் எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு, வாய்வு என்று அவன் கையாலேயே வேறு சீட்டு எழுதவைத்தேன். அதற்கும் "சரிங்க சார்" என்றான். பயிற்சி டாக்டர் ஈ.சி.ஜி.யைச் சரியாகப் படிக்கவில்லை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செவ்வந்தி அவன் முன்னால் போய் நின்றார். "எங்களாட்டம் வூட்லேர்ந்து வந்த புள்ளயே இப்பிடிப் பண்ணிட்டியேப்பா," என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அதனால் வேலை போய், இப்போது அவன் ஊரில் அப்பாவோடு கரும்பு வெட்டுகிறான். அந்த அறிக்கையிலிருந்து அவன் பெயரை நீக்கிவிட்டு, நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு மாயவனைச் சாகவிட்டது நான்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் இளஞ்செழியனுடைய உதடு அசைந்ததை நான் பார்த்தேன். மாயவன் இன்னும் ஐந்து நிமிடம் தாங்கியிருந்தால், அவன் சொல்லியிருப்பான்.