முதுகு மட்டும் தெரியும்

வேணாம் தம்பி, சேனலை மாத்தாதீங்க. இருக்கட்டும். டாக்டர் உங்களைக் கூப்பிட இன்னும் நேரமிருக்கு.

ரசிச்சுப் பார்க்கிறேனா? நானா? நல்லா கேட்டீங்க போங்க. இதெல்லாம் ஒரு படமா? வெளிநாட்டுப் படத்தை அப்படியே உருவி வெச்சிருக்கானுங்க. அசலை நீங்க பார்த்ததில்லையா? எனக்கு அது மனப்பாடம். எங்க வீட்டு டிவியில வேற எதுவுமே ஓடாத ஒரு காலம் இருந்துச்சு.

அதுல ஹீரோ ரெண்டு அடி வாங்கினா அவனுக்கு மூச்சு வாங்கும். காலை இழுத்துக்கிட்டுதான் ஓடுவான். நம்மாளைப் பாருங்க, ஒரு ஊரையே அடிச்சிட்டு வர்றாரு, இன் பண்ண சட்டை கசங்கல. பேசிக்கிட்டே வேற அடிக்கிறாரு. அடி வாங்க வந்தவன் பாவம், வசனம் முடியட்டும்னு காத்துக்கிட்டு நிக்கிறான்.

அங்க பனி கொட்டுதுன்னு இங்கயும் பனியாம். தெர்மாகோலை உதிர்த்துத் தூவியிருக்காங்க. அந்த ஓரத்துல பாருங்க, ஒருத்தன் சட்டையைக் கழட்டி விசிறிக்கிட்டு நிக்கிறான். சிரிங்க சிரிங்க, சிரிப்புப் படம்தான்.

அட, அதுக்காக இப்ப மாத்திடாதீங்க. ஒரு சீன் வரணும். மூணாவது மாடிக் கண்ணாடியை உடைச்சிக்கிட்டு ஒருத்தன் கீழ விழுவான். அசல்லயும் அது உண்டு. ஃபைட் மாஸ்டர் அந்தப் படத்தை வீட்டுக்கே குடுத்தனுப்பி, அச்சு அசல் இதே மாதிரி விழணும்னு சொல்லிட்டாரு. தோள் எப்படித் திரும்புது, கை எப்படி விரியுதுன்னு நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அதை எப்படி எடுத்தாங்கன்னும் கடைசியில காட்டுறாங்க தம்பி. கீழ ஒரு ரூம் பெரிசுக்குக் காத்தடைச்ச மெத்தை. இங்க? அட்டைப்பெட்டியை அடுக்கி மேல ஒரு தார்ப்பாய். கேமரா வெச்ச எடம் மொதக்கொண்டு காப்பியடிச்சவனுங்க, அந்த மெத்தையை மட்டும் காப்பியடிக்கல.

இந்தா... பார்த்தீங்களா? அவ்வளவுதான், போயிடுச்சு. முகம் தெரியாது, முதுகு மட்டும்தான் தெரியும்.

எங்க வீட்டுக்காரரு அது. ஹீரோவுக்கு டூப். உள்ள கம்பியைப் பிடிச்சு நடக்கப் பழக்கிட்டிருக்காங்க.

ஐயோ, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க, உக்காருங்க. இந்தப் படத்துல அது ஒண்ணுதான் அசலை விட நல்லா இருக்கும், அதையும் சொல்லணும்ல.

உள்ள போறப்பவே டிவியில இந்தப் படம்னு பார்த்துட்டாரு. வந்ததும் அந்த சீனை முழுசா போட்டானான்னுதான் மொதல்ல கேப்பாரு. போன தடவை சரியா அந்த எடத்துல விளம்பரம் வந்துடுச்சு. முழுசா வந்துச்சுங்க, இங்க இருந்தவங்க எல்லாம் அசந்துட்டாங்கன்னு சொல்லி வெச்சேன். நான் சொன்னா பொண்டாட்டி சொல்றான்னு பாதிதான் நம்புவாரு.

கதவு திறக்குது பாருங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன் தம்பி.