சிவப்புத் துணிக்கு ஒரு முழம் தள்ளி

இந்த மலைப்பக்கம் முழுவதிலும் தண்ணீருக்குப் பயப்படாத மனிதன் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, மற்றதெல்லாம் அப்புறம். பெயர் மொங்கி, தகப்பன் பெயர் பூராவி, வயது நாற்பத்துநான்கு, தொழில் பன்றி வேட்டைக்கு வழிகாட்டுவது, தண்ணீருக்குப் பயம் கிடையாது. எழுதியாயிற்றா? நல்லது. வெளியே ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் யாரையாவது இறுக்கி மூடச் சொல்லுங்கள்.

நீங்கள் கடற்கரைப் பக்கத்திலிருந்து இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தவர். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்குப் புதிது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் வாரம் தவறாமல் பன்றி சுடப் போவோம். எங்களில் யாரும் பன்றி தின்பதில்லை. செத்துக் கிடப்பதைப் புரட்டக்கூடக் குச்சி தேடுவோம். தின்னாத ஒன்றைக் கொல்ல விடியுமுன் எழுந்து, நனைந்து, சளி பிடித்து வீடு திரும்புகிறோம். இதைவிடப் பற்றற்ற வேட்டை உலகத்தில் இருக்காது. ஒரே இரவில் உருளைக்கிழங்குக் கொல்லையை உழுது போட்டுவிட்டுப் போன பன்றியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பன்றி இருப்பது தக்கைமரக் காட்டில். காட்டுக்குப் போகக் கஸாலா ஆற்றைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது. ஆற்றின் குறுக்கே இரண்டு வண்டி அகலத்துக்கு ஒரு சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் அதன்மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். பால் கலந்த காப்பி நிறம். அடியில் தளம் இருக்கிறதா என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம். யார் முதலில் கடக்கிறாரோ அவர்தான் அன்றைய வேட்டைக்குத் தலைவர். யார் எந்த மரத்தடியில் துப்பாக்கியோடு நிற்பது என்பதை அவர்தான் சொல்வார். அது எழுதாத சட்டம். இருபது வருடம் முதலில் கடந்தவன் நான். கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததுகூட இல்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டாவது கியர் போட்டால் அக்கரை.

ஃபெர்ஜானி என் அக்காள் மப்ரூக்காவின் கணவர். அவர் வழி வேறு. ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்துவார். பூட்ஸைக் கழற்றுவார். காலுறைகளை மடித்து பூட்ஸுக்குள் வைப்பார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஓர் அரளிக் குச்சியை எடுத்து, குருடர் தெருவில் நடப்பதுபோலத் தட்டித் தட்டி அக்கரை வரை போய், அதேபோலத் தட்டிக்கொண்டே திரும்பி வருவார். பிறகு காலைத் துடைத்துக் காலுறை மாட்டுவார். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். பதினைந்து துப்பாக்கிக்காரர்கள் அதுவரை வண்டிகளில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"மச்சான் தொழுகைக்குக் கால் கழுவுறாரு. பன்னிங்களா, செத்த பொறுங்க" என்று ஒருநாள் சொன்னேன். சொன்னது நான், சிரித்தது ஊர். பள்ளிவாசல் இமாம்கூட அதைச் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி. ஃபெர்ஜானியும் சிரிப்பார். "நேத்து இருந்த தரை இன்னிக்கும் இருக்கணும்னு ஆத்துக்கு என்னடா தலையெழுத்து" என்பார். கோபம் என்பதே அவருக்கு வராது. அது ஒரு குறை என்றே நான் நினைக்கிறேன்.

போன பிப்ரவரியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அது வழக்குக்குத் தேவையில்லை என்றால் அடித்துவிடுங்கள். நானும் அவரும் மட்டும் என் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். தளத்தின் பாதியில் வண்டி பக்கவாட்டில் நகர்ந்தது. ஒரு சாண்தான் இருக்கும். நான் திருப்பவில்லை, அதுவாக நகர்ந்தது. உறங்குகிற பிள்ளையைக் கட்டிலில் ஓரமாகத் தள்ளிப் படுக்க வைப்போமே, அப்படி யாரோ அடியில் கை கொடுத்துத் தள்ளினார்கள். கதவில் கற்கள் வந்து மோதிக்கொண்டிருந்தன. என் கைகள் ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்டன. கால் அசையவில்லை. வண்டிக்குள் நாய் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அன்றைக்கு நாய்களை நாங்கள் கூட்டிப் போகவில்லை.

ஃபெர்ஜானி குறுக்கே சாய்ந்து, என் காலின் மேல் தன் காலை வைத்து அழுத்தி, ஸ்டீயரிங்கைத் தானே திருப்பிக் கரையேற்றினார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். பத்தையும். என் கால்சட்டை நனைந்திருந்தது. ஆற்றுத் தண்ணீர் வண்டிக்குள் வரவே இல்லை. காப்பிக் கடை நெருங்கும்போது தன் கம்பளி அங்கியைக் கழற்றி என் மடியில் போட்டார். "குளிருது மாப்ளே, போத்திக்க" என்றார். அவ்வளவுதான்.

அதைப் பயம் என்று எழுத வேண்டாம். குளிர்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் அக்காளிடம்கூடச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. சொல்லியிருந்தால் பொய் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். கால் கழுவுகிறவர் பேச்சை யார் நம்பப்போகிறார்கள்? அவரோ சொல்லாமல் வைத்துக்கொண்டார். நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். சரி, உன் பத்து விரலும் எனக்குத் தெரியும் என்பது மாதிரி ஒரு சிரிப்பு. சட்டைப்பையில் தோட்டாவை வைத்துக்கொண்டே ஒருவர் உங்களோடு வாரா வாரம் காப்பி குடித்தால் எப்படி இருக்கும்? அவர் சுடட்டும் என்றுதான் இன்னும் இன்னும் கிண்டல் செய்தேன். அவர் சுடவே இல்லை. எனக்குச் சனிக்கிழமை இரவுகளில் தூக்கம் போயிற்று. தகரக் கூரையில் மழை விழுந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். ஞாயிறு காலையில் எழுந்து, அவர் குச்சியோடு போய்வரும் வரை வண்டிக்குள் உட்கார்ந்து கிண்டல் செய்துவிட்டு, அவர் தட்டிப் பார்த்த தடத்தின் மேலேயே முதல் ஆளாக ஓட்டுவேன். கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு.

இந்த டிசம்பரில் பத்து நாள் விடாத மழை. அவர் குச்சி ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தது. தளத்தின் நடுவில், சற்று இடப்பக்கமாக, ஒரு கட்டில் அளவுக்குச் சிமெண்ட் உள்ளே விழுந்திருந்தது. சுற்றிலும் கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன. பள்ளத்தின் வலது விளிம்புக் கம்பியில் ஓர் அரளிக் கம்பை நிற்க வைத்து கட்டுக்கம்பியால் கட்டினார். அதன் உச்சியில் என் அக்காள் தன் தலைத்துணியிலிருந்து கிழித்துக்கொடுத்த சிவப்புத் துண்டு. "துணி இடது கைப்பக்கம் இருக்கணும், துணிக்கு ஒரு முழம் தள்ளிப் போகணும். அதுக்கு மேல தள்ளுனா வலப்பக்கம் ஆத்துல விழுவீங்க" என்று சொல்லிவைத்தார். ஒரு வாரத்தில் ஊர்ப் பிள்ளைகள் இதைப் பாட்டாகப் பாடின. அடுத்த ஞாயிறு எல்லா வண்டிகளும் ஒதுங்கி நின்று ஃபெர்ஜானிக்கு வழி விட்டன. அவர்தான் முதலில் கடந்தார். அவர்தான் ஆட்களை நிறுத்தினார். என்னை மேட்டின் உச்சியில் நிறுத்தினார். அங்கே பன்றி வராது. ஆற்றின் சத்தமும் வராது.

யோசித்துத்தான் அந்த இடத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார். புரிகிறதா? என் மேல் இரக்கப்பட்டு.

அந்தக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பரவாயில்லை.

சனிக்கிழமை பிற்பகல் ஆற்றுக்குப் போனேன். கம்பை அவிழ்த்து இரண்டு எட்டு இடப்பக்கமாக, பள்ளத்தின் மறு விளிம்பில் இருந்த கம்பியில் கட்டினேன். நான் செய்தது இவ்வளவுதான். துணி அதே துணி, முடிச்சு அதே முடிச்சு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும், வண்டி சாயும், மச்சான் கூரைமேல் ஏறி உட்காருவார், நாங்கள் கயிறு கட்டி இழுப்போம், ஒரு வருடம் காப்பிக் கடையில் பேச விஷயம் இருக்கும். ஒரு சக்கரம். அதற்கு மேல் நான் நினைக்கவில்லை.

ஞாயிறு காலை காப்பிக் கடையில் அவர் குச்சி சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்து இரண்டாக ஒடித்து அடுப்பில் வைத்தேன். அரளிப் புகை ஆகாது என்று கடைக்காரர் திட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"நீங்க நட்ட கம்ப நீங்களே நம்பலேன்னா நாங்க எப்பிடி மச்சான் நம்புறது?" என்றேன்.

அது நியாயமான கேள்வி. கடை முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது. அவர் ரொட்டியை ஹரிஸ்ஸா மிளகாய் விழுதில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "சரிடா, இன்னிக்கு ஒரு நாளைக்கு ஒங்க வழிக்கே வர்றேன்" என்றார்.

ஆற்றங்கரையில் அவர் வண்டியின் பின்பக்கம் பன்றியை விரட்டக் காடு கலைக்கிற ஆட்கள் இரண்டு பேரும் நாலு நாய்களும் இருந்தார்கள். ஈரமாக இருக்கிறது, இங்கே வாருங்கள் என்று அவர்களை என் வண்டிக்கு மாற்றினேன். நாய்களையும் நானே ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினேன். ஒன்றுக்குக் காலில் அடிபட்டிருந்தது, பார்த்துத்தான் இறக்கினேன். பிறகு அவரிடம் போய், "நீங்க முன்னாடி போங்க மச்சான், இனிமே நீங்கதான் தலைவர்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். இருபது வருடத்தில் நான் யாருக்கும் அப்படி வழி விட்டதில்லை. மரியாதை என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும்.

அவர் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைப் பிடித்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பயப்படாத மாப்ளே. நான் அக்கரையில நின்னு கை காட்டுறேன். நீ என்னப் பாத்து வா, தண்ணியப் பாக்காத."

பத்து மாதத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

தண்ணீர் முந்தைய நாளைவிட ஏறியிருந்தது. மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. வண்டி இறங்கியது. முன்சக்கரம் நனைந்ததிலிருந்து கம்பு வரை பதினொன்று எண்ணலாம். எண்ணினேன். அந்த இரைச்சலில் கூப்பிட்டால் கேட்டிருக்காது. என் வண்டிக்குப் பின்னால் நின்ற ஆட்களில் ஜிலானி என்பவன், "துணி இன்னிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்குற மாதிரி இல்லண்ணே?" என்றான். ஐந்து எண்ணியிருந்தபோது.

"தண்ணி ஏறுனா அப்பிடித்தான் தெரியும்" என்றேன்.

துணி இடது கைப்பக்கம், ஒரு முழம் தள்ளி. அவர் சொன்னதை அவரே பிசகாமல் செய்தார். வண்டியின் முகம் கீழே போயிற்று. பிறகு மொத்த வண்டியும் மெதுவாகப் புரண்டது, தூக்கத்தில் ஆள் புரண்டு படுப்பது மாதிரி, அவசரமே இல்லாமல். ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்தது. கை காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார். அப்புறம் நாலு சக்கரமும் மேலே தெரிந்தன, அப்புறம் தெரியவில்லை. சிவப்புத் துணி அங்கேயேதான் இருந்தது. நாய்கள் குரைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மூன்றாம் நாள், கீழே ஆறு திரும்புகிற இடத்தில், அரளிப் புதரில் கிடைத்தார். நீங்களும் அங்கே இருந்தீர்கள். என் அக்காள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவரு எறங்கிப் பாக்கலியா?" இல்லை என்றேன். "எறங்காம போகமாட்டாரே" என்றாள். அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள்.

நீங்கள் காலையில் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கலங்கல் தண்ணீரில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, அதன் மறு விளிம்பு எங்கே, கம்பி எங்கே என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்கள். கெட்டிக்காரக் கேள்வி. மூன்று நாளாக இதை யாரும் கேட்கவில்லை.

கரையில் ஆள் இல்லை என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டேன். பூட்ஸைக் கழற்றினேன். காலுறைகளை மடித்து அதற்குள் வைத்தேன். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினேன். என் உயரத்துக்கு ஓர் அரளிக் கிளையை ஒடித்துக்கொண்டு, தட்டித் தட்டி உள்ளே போனேன். பள்ளத்தைச் சுற்றி வந்தேன். அதற்குள் அது பெருத்திருந்தது, ஒரு வண்டி தாராளமாகக் கொள்ளும். நடுவில் கிளையை விட்டுப் பார்த்தேன். என் கை நனையும் வரை போயிற்று. தரை தட்டவில்லை. பிறகுதான் கம்பை மாற்றிக் கட்டினேன்.

வந்த தடத்திலேயே தட்டிக்கொண்டு கரைக்குத் திரும்பினேன். காலைத் துடைத்துக் காலுறை மாட்டினேன். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆகியிருக்கும்.