டேப்பில் இல்லாத கோடு

— டேப்பை இழு அண்ணே. அதுல இருக்கறதுலயே சின்ன அளவு எது?

— மில்லிமீட்டர். இருபத்தெட்டு வருஷமா கூரை ஷீட் அறுக்கறேன், என்கிட்டயே கேக்கறே பாரு!

— அந்த ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டா அறு.

— பிளேடு கனமே அதைவிட ஜாஸ்தி, சின்னவளே.

— மனசுக்குள்ள அறு. அதுல ஒரு துண்டை எடுத்து, மறுபடி ஆயிரமா அறு. அதுல ஒண்ணுதான் நானோமீட்டர். இப்ப இந்த எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் ஸ்கிரீனைப் பாரு. ஊசி மாதிரி கெடக்குதே, அதோட தடிமன் முப்பது நானோமீட்டர். உன் தலைமுடி ஒண்ணோட அகலத்துல இதை ரெண்டாயிரத்துக்கு மேல அடுக்கலாம்.

— இருக்கறதே நாலு முடி, அதையும் ஏன் இழுக்கறே... இதுவா உங்க அண்ணி நுரையீரல்ல இருக்கு?

— ஆமா. டாக்டர் அனுப்பின சதையில எங்க பாத்தாலும் இதான். கல்நார். நீ அறுக்கற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுல இருக்கற நார்.

— சாம்பிள் மாறியிருக்கும். அவ பட்டறை வாசலைக்கூட மிதிச்சதில்ல. தூசுன்னு நான்தான் விடமாட்டேன். எனக்கு ஒரு இருமல் உண்டா?

— மூணு தடவை பேரைச் சரிபாத்துட்டேன், அண்ணே.

— இனி அவளுக்கு மாசக்கணக்குதான்னு டாக்டர் சொல்லிட்டார். எப்படி வந்துச்சுன்னாவது சொல்லு.

— வீட்டுக்கு வந்ததும் சட்டையை என்ன செய்வே?

— கழட்டி அவகிட்ட குடுப்பேன். நாலு உதறு உதறிட்டு ஊறப் போடுவா. தூள்தான் கொட்டிடுமே.

— கொட்டறது பெருசு. கண்ணுக்குத் தெரியும், கீழ விழும். இது லேசுல விழாது. மணிக்கணக்கா காத்துல நிக்கும். உதறினவ மூச்சு இழுத்தா உள்ள போயிடும். இருபது, முப்பது வருஷம் சத்தமே இல்லாம கெடக்கும்.

— உதறாம ஊறப் போட்டா நான்தான்மா சண்டை போடுவேன். சுத்தமா இருக்கட்டும்னுதானே...

— உன் டேப்புல இல்லாத அளவு இது. உனக்கு எப்படித் தெரியும்?

— இருபத்திரண்டு வருஷம். கல்யாணமாகி வந்த வாரமே பழகிட்டா. காலரைப் புடிச்சு, முகத்தைத் திருப்பிக்கிட்டு, படபடன்னு...

— போதும் அண்ணே. ஸ்கிரீனை அணைச்சிடறேன்.

— இரு. அப்படி உதற அவளுக்குக் கத்துக் குடுத்தது நீதானே? அவ வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம்... நீதானே உதறினே, சின்னவளே?